சஃபெத்தில் ஒரு சனிக்கிழமையும் சில எழுத்துகளும்

டிசம்பர் 11, 2019, புதன் – சஃபெத்

இஸ்ரேல் என்றால் வெயிலும் மணலும் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களை சஃபெத் முதல் நிமிடத்திலேயே திருத்திவிடுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. கூடவே சாய்ந்து அடிக்கிற மழை. மேல் கலிலேயாவில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலையூர் இது. டெல் அவிவ் ஆபீஸில் எல்லோரும் "குளிரும்" என்றுதான் சொன்னார்கள். எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஊர் முழுக்கப் படிக்கட்டு. தெரு என்று மேப்பில் இருப்பதெல்லாம் நேரில் படி. பெட்டியின் ஒரு சக்கரம் நாற்பதாவது படியிலோ ஐம்பதாவது படியிலோ கழன்று, எனக்கு முன்னால் உருண்டு போய் ஒரு வீட்டு வாசலில் நின்றது. அந்த வீட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். சக்கரத்தை எடுத்துக் கொடுத்தான், பெட்டியையும் தூக்கிக்கொண்டான், நான் தங்க வேண்டிய வீடு வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்து வைத்துவிட்டுப் போனான். நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் பனிக்குள் மறைந்துவிட்டான்.

ஏன் இந்த ஊர் என்று கேட்பீர்கள். எழுத்துரு வடிவமைப்பது என் பிழைப்பு. எழுத்துகளை வைத்துத்தான் கடவுள் உலகத்தைச் செய்தார் என்று ஒரு மரபு அழுத்திச் சொன்னால் எனக்கு ஆர்வம் வராமல் இருக்குமா? கபாலா என்கிற யூத மறைஞானத்தின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான 'செஃபெர் யெட்சிரா' அதைத்தான் சொல்கிறது: எபிரேய எழுத்துகள் 22, இறைவனின் வெளிப்பாடுகளான செஃபிரோத் 10, ஆக 32 வழிகளில் உலகம் படைக்கப்பட்டது. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் விரட்டப்பட்ட பிறகு, 16ஆம் நூற்றாண்டில் இந்த மரபின் பெரிய மனிதர்கள் பலர் ஒரே சமயத்தில் கூடிய ஊர் சஃபெத். இப்போது தெருவுக்குத் தெரு ஓவியக் கடைகளும் இருக்கின்றன. சமய நூல் படம் வரைவதைச் சந்தேகத்தோடு பார்க்கிறது, ஊரோ ஓவியத்தால் பிழைக்கிறது. இது எப்படி ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம் என்றுதான் விடுப்பை இங்கே செலவழிக்க முடிவு செய்தேன்.

வீட்டுக்காரம்மா மொராக்கோ யூதக் குடும்பம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். உள்ளே நுழைந்து ஷூவைக் கழற்றுவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், அம்மா யாரோடு இருக்கிறார், மாதம் எவ்வளவு சம்பளம் என்று எல்லாம் கேட்டு முடித்தார். சம்பளத்தைக் குறைத்துச் சொன்னேன். கொண்டைக்கடலையும் பருப்பும் தக்காளியும் போட்ட ஹரீரா சூப் ஒரு கிண்ணம் வந்தது. காசு வாங்கவில்லை. ரேடியேட்டர் போட்டுக்கொள்ள மட்டும் இரவுக்கு 20 ஷேக்கல் தனியாம். நம் காசுக்கு நானூறு ரூபாய். பேசாமல் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன் – கேலரிகள்

மழை விட்டிருந்தது. கதவு நீலம், ஜன்னல் நீலம், சில இடங்களில் சுவரும் நீலம். வானத்தின் நிறம், அது மேலே பார்க்க வைக்கும் என்று ஒருவர் சொன்னார். கண்ணேறு படாமல் இருக்க என்று இன்னொருவர். கொசு வராது என்றார் மூன்றாமவர். எனக்கு மூன்றாமவரைப் பிடித்திருந்தது.

முதலில் போன கேலரியில் ஆள் என் பெயரைக் கேட்டு, தாளில் எபிரேயத்தில் எழுதி, எழுத்துக்கு எழுத்து எண் போட்டுக் கூட்டினார். எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. கூட்டிய எண்ணை வைத்து என் ஆன்மாவின் நிறம் ஊதா என்றார். ஆச்சரியம் பாருங்கள், அவர் கடையில் ஊதா ஓவியம் ஒன்று இருந்தது. மேலிருந்து ஒளி வழிகிறது, நடுவில் ஒரு சுழல், சுழலுக்குள் எழுத்துகள் மிதக்கின்றன. 1,800 ஷேக்கல். வேண்டாம் என்று வாசலுக்கு வந்தபோது 1,200. தெருவில் கால் வைத்தபோது 900. மூலைவரை நடந்திருந்தால் ஆன்மாவை இலவசமாகவே கொடுத்திருப்பார்.

அடுத்த நாலைந்து கடைகளிலும் கிட்டத்தட்ட அதே சுழல்தான். மேசைக்கு மேசை பத்து வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள், அதான் செஃபிரோத் மரம். டி-ஷர்ட்டில், கோப்பையில், சாவிக்கொத்தில். அந்த மரம் பிறந்ததே விற்பதற்கு அல்ல, படிப்பதற்கு. தோல் சுருள்களிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் மாணவர்கள் விரலால் தடவிக்கொண்டே மேலிருந்து கீழே போக வேண்டிய வரைபடம். 1516இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஒரு லத்தீன் மொழிபெயர்ப்பின் முகப்பில் அச்சாகித்தான் அது வெளியுலகத்துக்கு வந்தது. அதை ஏந்தி உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

மதியம் பசி. யேமன் யூதர்களின் லஹுஹ் சாப்பிட்டேன். ஒரு பக்கம் மட்டும் வெந்து, மேலே துளைத் துளையாக இருக்கும். நம் ஆப்பத்தின் நடுப்பகுதியை மட்டும் தனியாகச் சுட்டது மாதிரி. அதில் ஊர்ப் பாலாடைக்கட்டி, தக்காளி, ஸாத்தர் என்ற மூலிகைப் பொடி தூவி மடித்துக் கொடுத்தார்கள். 38 ஷேக்கல். காரத்துக்கு ஸ்குக் என்று பச்சை மிளகாய்த் துவையல். சுட்டவர் என்னைப் பார்த்து "இந்தியன்! இன்னும் போடு, இன்னும் போடு" என்று சிரித்தார். போட்டேன். அவர் சிரிப்பு நின்றது, எனக்குக் கண்ணில் தண்ணீர்.

பிற்பகலில் ஒரு நல்ல கடை மாட்டியது. மாட்டியிருந்தவை எல்லாம் தூரத்திலிருந்து சாதாரணக் கோட்டோவியங்கள்: மாதுளை, விளக்கு, ஜெருசலேம் மதில். கடைக்காரர் கையில் பூதக்கண்ணாடி கொடுத்தார். மாதுளையின் தோலில் ஓடும் கோடு கோடே இல்லை, எழுத்து வரிசை. சாலமோனின் உன்னதப்பாட்டு முழுவதும் அந்த ஒரு பழத்துக்குள் இருக்கிறது. எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வளைவு வரும் இடத்தில் எழுத்து சாயவில்லை, வரிதான் சாய்கிறது. அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், கம்ப்யூட்டரிலேயே எனக்கு அது சரியாக வராது.

இது நேற்று வந்த வித்தை இல்லை. இங்கிருந்து சில மலைகள் இறங்கினால் வருகிற திபேரியாவில் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வேதத்தைப் படியெடுத்த அறிஞர்கள், ஓரக் குறிப்புகளை நேராக எழுதாமல் பூவாகவும் வடிவங்களாகவும் மடித்து எழுதத் தொடங்கினார்கள். உருவம் வரையாதே என்று சொன்ன இடத்தில் வசனமே உருவமாக நின்றால் யார் என்ன சொல்ல முடியும்? அந்த மாதுளை அச்சுப்பிரதி 450 ஷேக்கல், அசலுக்கு அவர் விலையே சொல்லவில்லை.

அந்தக் கடையின் மூலையில் விற்பனைக்கு இல்லாத ஒரு சின்னத் தாள். மோசே கோர்தோவெரோவின் 'பர்தேஸ் ரிம்மோனிம்' நூலில் வரும் வரைபடத்தின் நகல். கோர்தோவெரோ இந்த ஊர்க் கபாலா அறிஞர், 1570இல் இறந்தவர். பத்து செஃபிரோத்தின் முதலெழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்றாக, பெரிதிலிருந்து சின்னதாக, உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றன. சாயம் இல்லை, ஒளி இல்லை, சுழல் இல்லை. ஆனாலும் காலையிலிருந்து பார்த்த அத்தனை கான்வாஸ்களிலும் இல்லாத ஆழம் அந்தக் கறுப்பு வெள்ளைத் தாளில் இருந்தது. அதே நூலில் நிறங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு என்றார் கடைக்காரர்: கருணைக்கு வெள்ளை, கண்டிப்புக்குச் சிவப்பு என்று. "ஆனால் மனதில் நினைக்கத்தான், தீட்ட அல்ல. நாங்கள்தான் தீட்டிவிட்டோம்" என்று தோளைக் குலுக்கினார்.

சாயங்காலம் ஓவியர் குடியிருப்புப் பக்கம் போனேன். இதைச் சொல்லாமல் போனால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். 1948 மே மாதம் வரை இந்தத் தெருக்களில் அரபியர் வாழ்ந்தார்கள். ஊரில் அவர்கள்தான் பெரும்பான்மை. போரில் அவர்கள் போனார்கள், திரும்பி வரவில்லை. 1935இல் இங்கே பிறந்தவர்தான் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ். காலியான கல்வீடுகள் ஓவியர்களுக்குக் கிடைத்தன. மோஷே காஸ்டெல், பாரிஸில் படித்து 1930களிலேயே சஃபெத்துக்கு வந்த யிட்ஸ்ஹாக் ஃப்ரெங்கெல் மாதிரியான பெயர்களோடு இடம் புகழ்பெற்றது. ஓவியர்களின் பொதுக் கண்காட்சிக் கூடம் இருக்கும் கட்டடம் ஒரு பழைய மசூதி. உள்ளே ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் வளைவுகளைத்தான் அதிகம் பார்த்தேன். பிரபஞ்சத்தின் உடைசல்களை ஒட்டவைப்பது பற்றி எல்லாக் கடையிலும் பேசுகிற ஊரில் இந்த உடைசல் பற்றி யாரும் தானாகப் பேசவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி – ஜெப ஆலயங்கள்

வெள்ளிக்கிழமை காலை சஃபெத் நம் ஊர் தீபாவளிக்கு முந்தின நாள் போல ஓடுகிறது. எல்லாம் மதியத்துக்குள் மூடிவிடும். வீட்டுக்காரம்மா எனக்கும் சேர்த்து ரொட்டி வாங்கச் சொல்லி அனுப்பினார். ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தாத்தா, பின்னால் நின்ற கர்ப்பிணியை முன்னே விட்டார், அவர் இன்னொருவரை விட்டார். கடைசியில் நான் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. இரண்டு ஹல்லா ரொட்டி 18 ஷேக்கல்.

ஆஷ்கெனாஸி ஆரி ஜெப ஆலயம். ஆரி என்று இவர்கள் பிரியமாகச் சொல்வது ஐசக் லூரியாவை. 1534இல் ஜெருசலேமில் பிறந்து, எகிப்தில் வளர்ந்து, 1570இல் சஃபெத்துக்கு வந்தார். 1572இல் கொள்ளைநோயில் இறந்துவிட்டார், வயது 38. இடையில் கிடைத்த இரண்டே வருஷத்தில் கபாலாவையே திருப்பிப் போட்டுவிட்டார். கையால் எழுதியது மிகக் குறைவு. சீடர் ஹாயிம் வித்தால் எழுதி வைத்ததுதான் பெரும்பாலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. லூரியா சொன்னதன் சாரம் இது: எல்லையற்ற இறைவன் முதலில் தன்னைச் சுருக்கிக்கொண்டு உலகத்துக்கு இடம் விட்டான். ஒளியை ஏந்த வந்த பாத்திரங்கள் தாங்காமல் உடைந்தன. சிதறிய பொறிகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்ப்பது மனிதன் வேலை. இந்த ஒரு கதையை நம்பி எத்தனை கலைஞர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்! அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் 1969இல் செய்த எஃகுச் சிற்பத்துக்கு அந்தச் சுருங்குதலின் பெயரையே வைத்தார். ஜெர்மன் கலைஞர் ஆன்செல்ம் கீஃபர் ஈயத்தால் செய்த புத்தகங்களை அடுக்கி, தரையெல்லாம் உடைந்த கண்ணாடியைக் கொட்டி, பாத்திரங்கள் உடைந்ததைக் காட்டினார். படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதற்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேருமே ஒளிச்சுழல் எதையும் வரையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1837 பூகம்பத்தில் விழுந்து 1857இல் மறுபடி கட்டிய ஆலயம் இது. உள்ளே தோரா என்கிற வேதச் சுருள்கள் இருக்கும் பேழை ஒலிவ மரத்தில் செதுக்கியது. கொடி, பூ, பழம், தங்கம், பச்சை, சிவப்பு என்று கண் கொள்ளாத வேலைப்பாடு. அதன் உச்சியில் ஒரு சிங்கம். உற்றுப் பார்த்தால் சிங்கத்துக்கு மனித முகச் சாயல்! ஆரி என்றாலே சிங்கம்தான், ஆகவே அது லூரியா என்கிறார்கள். உருவமே கூடாது என்ற மரபின் நட்டநடுவில், தச்சர் ஒருவர் மூக்கையும் கன்னத்தையும் கொஞ்சம் மனிதத்தனமாக நகர்த்திவிட்டு நைஸாக நழுவியிருக்கிறார். வாசிப்பு மேடையில் ஒரு துளை. 1948 போரில் குண்டுச் சிதறல் பாய்ந்ததாம், அந்த நொடியில் எல்லோரும் தொழுகையில் குனிந்திருந்ததால் ஒருவருக்கும் அடிபடவில்லையாம். துளைக்குள் பிரார்த்தனைச் சீட்டுகள் திணித்திருக்கின்றன.

அபுஹாவ் ஜெப ஆலயத்தையும் பார்த்தேன். நீலம், குவிமாடம், மகுடங்கள். அழகுதான், ஆனால் ஒரு சுற்றுலாக் குழு மொத்தமாக நுழைந்ததால் வெளியே வந்துவிட்டேன்.

சூரியன் நாலரைக்கெல்லாம் விழுந்துவிடுகிறது. அதற்கு முன் விளக்கேற்றி, கடை அடைத்து, கார்கள் நின்று, ஊரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தது. ஒரு சின்ன ஜெப ஆலயத்தில் என்னையும் ஒருவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தொப்பி ஒன்று கொடுத்து, எபிரேயப் புத்தகத்தை என் கையில் வைத்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்று ஒரு சிறுவன் சரிபார்த்துக்கொண்டே இருந்தான்.

'லெஹா தோதி' பாடினார்கள். ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்கிற பாட்டு. எழுதியவர் ஷ்லோமோ அல்கபெட்ஸ், 16ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் இருந்தவர். அந்தக் காலத்தில் வெள்ளி சாயங்காலம் வயல்வெளிக்கே போய் வரவேற்பார்களாம். முதல் எட்டுக் கண்ணிகளின் முதலெழுத்தைக் கோத்தால் அவருடைய பெயர் வருகிறது. இங்கேயும் எழுத்து விளையாட்டு! இன்று உலகத்தில் எந்த மூலையில் ஜெப ஆலயம் இருந்தாலும் வெள்ளி இரவு இந்தப் பாட்டு உண்டு. கடைசிக் கண்ணி வந்ததும் அறை முழுக்க ஒன்றாக வாசலைப் பார்த்துத் திரும்பிக் குனிந்தது. நான் மட்டும் ஒரு நொடி எல்லோருக்கும் எதிரே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். சஃபெத் கபாலாக்காரர்கள் செய்த கலை எது என்று என்னைக் கேட்டால் அந்தத் திரும்பலைத்தான் சொல்வேன்.

டிசம்பர் 14, சனி – ஃப்யூஸ்

ராத்திரி இரண்டு மணிக்குக் குளிரில் விழிப்பு வந்தது. ரேடியேட்டர் செத்திருந்தது. கூடத்தில் மெல்லிய காலடிச் சத்தம். போனால் வீட்டுக்காரம்மா சால்வையோடு நிற்கிறார். ஓய்வுநாளில் மின்சாரத்தைத் தொட மாட்டார். சமையலறையில் வெள்ளி சாயங்காலமே சூடாக்கும் தட்டில் ஏற்றி வைத்த ஹமின் பானை இருக்கிறது. மாமிசம், கோதுமை, பீன்ஸ், உருளை, முட்டை எல்லாம் விடிய விடிய அதில் வெந்தால்தான் சனி மதியச் சாப்பாடு.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "என்ன குளிர்" என்றார். ஆமாம் என்றேன். "வீடே இருட்டாக இருக்கிறது" என்றார். ஆமாம் என்றேன். "அந்தக் கதவுக்குப் பின்னால் சின்ன இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. என் கணவர்தான் மாட்டினார், பாவம்" என்றார். அப்போதுதான் உறைத்தது. நேராகக் கேட்கக் கூடாது, நிலைமையைச் சொல்லலாம். போய் விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினேன். விளக்கு வந்தது, தட்டு சூடானது. அவர் எனக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, "உனக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மதியம் என் தட்டில் முட்டை இரண்டு கூடுதல். ராத்திரி முழுக்க வெந்து, ஓடு மட்டுமில்லாமல் உள்ளே வெள்ளைக்கருவும் டீ நிறத்துக்கு வந்திருந்தது. உப்பும் சீரகப் பொடியும் தொட்டுச் சாப்பிட வேண்டும். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் உத்தமம்.

சாப்பாட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் கபாலாவின் முக்கிய நூலான 'ஸோஹர்' தொடக்கத்தில் வரும் கதையைச் சொன்னார். படைப்பைத் தொடங்கும் முன் 22 எழுத்துகளும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக இறைவன் முன் வந்து, "என்னை வைத்துத் தொடங்கு" என்று மன்றாடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏதோ குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறான். கடைசியில் 'பெத்' எழுத்துக்கு அந்த வாய்ப்பு. ஆலெஃப் மட்டும் வரவே இல்லை. ஏன் என்று கேட்டால், மற்றவர்கள் எல்லாம் வெறுங்கையோடு போனதைப் பார்த்தேன், எனக்கென்ன இருக்கிறது என்கிறது. அந்த அடக்கத்துக்காக அதற்கு எழுத்து வரிசையில் முதலிடம். மேசைக்கடியில் இருந்த பேரப்பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து ஓடிவந்து நடித்துக் காட்டினார்கள்.

பால்கனியிலிருந்து எதிரே மெரோன் மலை தெரிகிறது. ஸோஹரை எழுதியவர் என்று இவர்கள் நம்பும் ஷிமோன் பார் யோஹாயின் கல்லறை அங்கே. அவர் இரண்டாம் நூற்றாண்டுக்காரர். கபாலாவை ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெம் மாதிரியான ஆய்வாளர்கள் அதை 13ஆம் நூற்றாண்டு இறுதியில் ஸ்பெயினில் மோசே தெ லியோன் எழுதியதாகச் சொல்கிறார்களே என்று மெதுவாகக் கேட்டேன். "அவர்களும் நம்மவர்கள்தான், இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்றார். வாதம் முடிந்தது.

சாயங்காலம் பழைய இடுகாடு வரை நடந்தேன். மலைச்சரிவு முழுக்க நீலம் பூசிய கல்லறைகள். லூரியா, கோர்தோவெரோ, அல்கபெட்ஸ் எல்லோரும் இங்கேதான். காற்று கத்தி மாதிரி அடித்ததால் நின்று எதையும் யோசிக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு – சோஃபர்

ஞாயிறு இங்கே வேலைநாள். ஒரு சந்தில் சோஃபர், அதாவது வேத எழுத்தர், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அர்ஜென்டினாவிலிருந்து வந்தவராம். பார்க்கலாமா என்றேன். "பார், பேசாதே, நான் நிமிர்ந்தால் பேசு" என்றார்.

வாசல் நிலையில் பதிக்கும் மெஸூஸா எழுதிக்கொண்டிருந்தார். உள்ளங்கையகலத் தோலில் 22 வரி, 713 எழுத்து. மை இல்லாமல் முனையால் கீறிய கோடுகள் தோலில் இருக்கின்றன. எழுத்து அந்தக் கோட்டின் மேல் உட்காராமல் நம் பள்ளி நோட்டுக்கு நேர்மாறாகக் கோட்டிலிருந்து கீழே தொங்குகிறது. இறகுப் பேனா. மாசிக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் கருவேலம் பிசின் மாதிரியான ஒரு பிசினும் சேர்த்த மை. ஓர் எழுத்து இன்னொன்றைத் தொடக் கூடாது, சுற்றிலும் தோல் தெரிய வேண்டும். ஏழு எழுத்துகளின் தலையில் மட்டும் மயிரிழை போல மூன்று மகுடக் கோடுகள்.

இறைவன் பெயர் வரும் இடத்தில் நின்றார். வாய்விட்டு ஏதோ சொன்னார், பிறகுதான் பேனா தோலைத் தொட்டது. நிமிர்ந்தபோது கேட்டேன். இந்தப் பெயரை அதன் புனிதத்துக்காகவே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டுமாம். மனம் வேறெங்கோ இருக்கும்போது எழுதிவிட்டால் செல்லாது. எங்கள் ஊரில் கடைச் சிட்டையில்கூட மேலே பிள்ளையார் சுழி போடாமல் ஆரம்பிக்க மாட்டோம் என்றேன். வரைந்து காட்டச் சொன்னார். போட்டுக் காட்டினேன். "ஒரு பக்கத்துக்கு ஒன்றுதானா? உங்களுக்கு வேலை சுலபம்" என்றார்.

தப்பு வந்தால்? மற்ற எழுத்தென்றால் கத்தியால் சுரண்டலாம், இறைவன் பெயரைச் சுரண்டக் கூடாது. அதைவிடப் பெரிய சிக்கல், மெஸூஸாவை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகத்தான் எழுத வேண்டும். மூன்றாம் வரியில் விட்டுப்போன எழுத்தை இருபதாம் வரியில் கண்டுபிடித்தால் திரும்பிப் போய்ச் சேர்க்க முடியாது. மொத்தத் தோலும் பழைய வேதத்தாள்களோடு அடக்கத்துக்குப் போகும். அவர் மேசைக்குக் கீழே அப்படி ஒரு பெட்டி இருந்தது. பார்க்க எல்லாமே குறையில்லாத அழகு.

வடிவங்களைப் பற்றிக் கேட்டதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். ஆலெஃபை மூன்று துண்டாகப் பிரித்துப் போட்டார்: மேலே யூத் என்ற எழுத்து, கீழே இன்னொரு யூத், நடுவில் சாய்ந்த வாவ் என்ற எழுத்து. எண் மதிப்பு 10, 10, 6. கூட்டினால் 26. இறைவனின் நாலெழுத்துப் பெயருக்கும் 10, 5, 6, 5 என்று கூட்டு 26. ஆகவே ஆலெஃபை எழுதும்போதே பெயர் உள்ளே இருக்கிறது. கேலரிக்காரர் என் பெயரைக் கூட்டியதும் இதுவும் ஒரே கணக்குதான். ஆனால் இங்கே கணக்கு பேனாவின் சாய்வைத் தீர்மானிக்கிறது, அங்கே விலையைத் தீர்மானித்தது.

அப்புறம் த்ஸாதி என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டினார். ஒன்றில் வலப்பக்கத்து யூத் உள்ளே பார்த்துக்கொண்டு முதுகெலும்போடு சேர்கிறது. மற்றதில் அதே யூத் திரும்பி, முதுகைக் காட்டி நிற்கிறது. முதலாவது யோசெஃப் காரோ சொன்ன முறை, இரண்டாவது ஆரி முறை. காரோ யூதச் சட்டத் தொகுப்பை எழுதியவர், 1575இல் இறந்தவர். லூரியா வந்தபோது அவர் எண்பதைத் தாண்டிய கிழவர். இரண்டு பேரும் ஒரே ஊர். சட்டக்காரர் பெயரில் ஒரு த்ஸாதி, மறைஞானி பெயரில் ஒரு த்ஸாதி. நானூற்றைம்பது வருஷமாகியும் எந்த யூத் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வாங்க வருபவர்கள் கேட்டுத்தான் வாங்குகிறார்களாம். எழுத்துருக்காரனுக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா?

எனக்கு ஒன்று வேண்டும், சட்டம் போட்டு மாட்டிக்கொள்வேன் என்றேன். 250 ஷேக்கல் சொன்னவர் உடனே தலையை ஆட்டிவிட்டார். மாட்டிப் பார்ப்பதற்கு இல்லையாம். வெற்றுத் தோலின் வெட்டுத்துண்டு ஒன்றைக் கீறல் கோடுகளோடு 15 ஷேக்கலுக்குக் கொடுத்தார். "இதில் உன் எழுத்தை எழுது."

மதியம் கிளம்பினேன். 1840இலிருந்து இங்கே செம்மறியாட்டுப்பால் கட்டி செய்கிற குடும்பம் ஒன்று இருக்கிறது, அந்த வெள்ளைப் பாலாடைக்கட்டி கால் கிலோ வாங்கிப் பையில் போட்டேன். ஜெருசலேம் பஸ் வழியில் டயர் பஞ்சராகி ஒன்றரை மணி நேரம் நின்றது. பையிலிருந்து வந்த வாசனையை வைத்துப் பக்கத்து சீட் சிப்பாய்ப் பெண் நட்பானாள். கட்டி பாதி காலி.

டிசம்பர் 16, திங்கள் – ஜெருசலேம்

கேலரிகளைத் திட்டித் தீர்த்த மனநிலையிலேயே ஊர் திரும்பியிருப்பேன். நல்லவேளை, அப்போது எபிரேயப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த தேசிய நூலகத்துக்குப் போனேன். ஷோலெம் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த கபாலா நூல்கள் அங்கேதான் இருந்தன. அதைவிட, மொர்தெகாய் ஆர்டன் செய்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். மூன்றும் சேர்ந்து 17 மீட்டர் அகலம், ஆறரை மீட்டர் உயரம். 1980களின் முதல் பாதியில் செய்தவை. ஆர்டன் ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளியில் ஓவியர்கள் க்ளேயிடமும் காண்டின்ஸ்கியிடமும் படித்தவர். நவீன ஓவியமும் தெரியும், இந்தப் பழைய எழுத்து மரபும் தெரியும்.

ஏசாயா தீர்க்கதரிசியின் கனவுதான் பொருள். இடப்பக்கம் பாதைகள் எல்லாம் மலையை நோக்கி ஏறுகின்றன. ஒவ்வொரு பாதையும் "வாருங்கள், கர்த்தருடைய மலைக்குப் போவோம்" என்கிற வசனம், வெவ்வேறு மொழியில், வெவ்வேறு லிபியில். நடுவில் ஜெருசலேம், மதிலாகச் சாக்கடலருகே கிடைத்த ஏசாயாச் சுருளின் எழுத்துகள், அதோடு அந்தப் பத்து வட்ட மரம். வலப்பக்கம் ஆயுதங்கள் மண்வெட்டிகளாகின்றன. இங்கே சாயமும் உண்டு, ஒளியும் உண்டு, சஃபெத்தில் நான் கேலி செய்த அத்தனையும் உண்டு. ஆனால் ஒளியை ஆர்டன் தீட்டவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மேகம் விலகினால் வருகிறது, மூடினால் போகிறது. மரத்துக்கு நிறம் அவர் கொடுத்தார், வெளிச்சத்தை வானிலையிடம் விட்டுவிட்டார். எழுத்தையும் அலங்காரமாக மிதக்கவிடவில்லை, பாதையாகவும் மதிலாகவும் வேலை வாங்கியிருக்கிறார்.

நான் போனது மூன்றரை மணிக்கு. வலப்பக்கம் ஏற்கெனவே மங்கிவிட்டது. காவலர் என்னைப் பார்த்து, "காலையில் வந்திருக்க வேண்டும். எல்லோரும் சாயங்காலம்தான் வருகிறீர்கள்" என்று அலுத்துக்கொண்டார். நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை. கீழே மாணவர் கேன்டீனில் ஷ்னிட்சல் தட்டு 34 ஷேக்கல், காரம் சுத்தமாக இல்லை.

யாராவது போவதாக இருந்தால்: சஃபெத்துக்கு வியாழனே போய்விடுங்கள், வெள்ளி மதியத்துக்கு மேல் பஸ்ஸும் கிடையாது, கடையும் கிடையாது. குளிர்காலத்தில் கம்பளி இரண்டு. கேலரியில் பெயரைக் கேட்டால் சொல்லாதீர்கள். சோஃபர்களைப் பார்க்க ஞாயிறு காலை நல்லது, வாசலில் நின்று அவர் நிமிரும்வரை காத்திருங்கள். எனக்கு நாளை மாலைதான் விமானம், ஆகவே காலை பத்து மணிக்கு மறுபடி நூலகம். வானிலைச் செய்தி மழை என்கிறது.